தயிர்சாதமும் ஒரு பூனையின் கண்களும்

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கறியும் மீனும் படியேறியதில்லை, முட்டைகூட வாங்குவதில்லை. அப்படிப்பட்ட வீட்டுக்குள்தான், சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மழைநாளில், பாளையங்கோட்டையில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் நனைந்து கத்திக்கொண்டிருந்த ஒரு பூனைக்குட்டியை முந்தானையில் சுற்றி எடுத்துவந்தேன். மல்லி என்று பெயர் வைத்தோம். முதலில் பால் குடித்தாள். பிறகு தயிர்சாதமும் பருப்புச் சோறும் தின்னப் பழகினாள். பனீர்த் துண்டு என்றால் அடுக்களை வாசலுக்கே வந்து உட்கார்ந்துவிடுவாள். மூன்றாவது மாடி என்பதால் விழுந்துவிடக் கூடாதென்று பால்கனி முழுவதும் வலை அடித்தோம். சைவ வீட்டுக்கு ஏற்ற சைவப் பூனை என்று வந்தவர்களிடம் அம்மா பெருமையாகச் சொல்வாள். நானும் அதை மகிழ்ச்சியோடு கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு கழித்து ஒரு மாலை, தினமும் ஏறும் அதே ஜன்னல் திட்டுக்குத் தாவியவள், ஒரு சாண் குறைவாகத் தாவிச் சுவரில் மோதிக் கீழே விழுந்தாள். மறுநாள் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் காலை வைத்தாள். அதற்கு வெகு நாள் முன்பே நான் ஒன்றைக் கவனித்திருக்க வேண்டும்: உச்சி வெயிலில் படுத்திருக்கும்போது பூனையின் கண்மணி நெல்மணி போலக் குறுகிக் கோடாகிவிடும், மல்லியின் கண்மணிகளோ அந்த வெயிலிலும் கறுப்பு வட்டங்களாக விரிந்தபடியே இருந்தன. அது அவளுக்கு அழகு என்று நினைத்துப் படமெடுத்து வைத்திருக்கிறேன். அந்தப் படங்களை இப்போது என்னால் பார்க்க முடிவதில்லை.

கால்நடை மருத்துவர் அறை விளக்கை அணைத்துவிட்டுச் சிறு கருவியால் அவளுடைய கண்ணுக்குள் நெடுநேரம் பார்த்தார். விழித்திரையின் நடுவில் பட்டை போல ஒரு பகுதி அழிந்துவிட்டது என்றும், ஓரங்களில் இன்னும் பார்வை இருக்கிறது என்றும் சொன்னார். அதன் பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி, “என்ன சாப்பாடு கொடுக்கிறீங்க?” என்பதுதான். நான் சொன்னதைக் கேட்டதும் அவர் திட்டவில்லை. இதயத்தையும் ஸ்கேன் செய்துவிடலாம் என்றார். இதயத் தசையும் கொஞ்சம் தளர்ந்துதான் இருந்தது. இதயம் தேறிவிடும், கண்ணில் போனது திரும்பாது என்று அவர் சொன்னதை, வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

அம்மா நம்பவில்லை. “ஏட்டி, நம்ம ஆச்சி வீட்டுப் பூனையெல்லாம் தயிர்ச்சோறு தின்னுதான வளந்துச்சு? அதுக்கெல்லாம் கண்ணு போச்சா?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. சைவ வீடுகளில் பூனையும் நாயும் வளர்ப்பவர்கள் எல்லாரும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். அதற்குப் பதில் தேடித்தான் அடுத்த பல மாதங்கள் படித்தேன். ஆனால் பதிலின் முதல் பாதி புத்தகத்தில் இல்லை, சேரன்மகாதேவியில் ஆச்சியின் வீட்டுப் புழக்கடையில் இருந்தது.

அந்த வீட்டில் நெற்குதிர் இருந்தது, தொழுவம் இருந்தது, பின்னால் வைக்கோல் படப்பு இருந்தது. மத்தியானம் ஆச்சி ஒரு சிரட்டையில் தயிர்சாதம் பிசைந்து வைப்பாள். பூனை வந்து பாதி தின்றுவிட்டுப் போகும். காலையில் கோலம் போடுவதற்கு முன்பு படப்படியில் எலியின் வால் மட்டும் கிடக்கும், சில நாள் ஒரு குருவியின் இறகு கிடக்கும். ஆச்சி “சிவ சிவா” என்று சொல்லி, தண்ணீர் தெளித்து, அதை முறத்தில் அள்ளி வெளியே கொட்டுவாள். எலி, பல்லி, ஓணான், வெட்டுக்கிளி என்று இரவெல்லாம் அது தனக்கு வேண்டியதைத் தானே தேடிக்கொண்டது. நாங்கள் வைத்த சிரட்டையை மட்டும் எண்ணி, அந்தப் பூனை தயிர்சாதத்தில் வளர்ந்தது என்று ஒரு கதையைக் குடும்பமாக நம்பிவந்திருக்கிறோம். மல்லிக்குப் படப்பும் கிடையாது, குதிரும் கிடையாது. வலை அடித்த பால்கனியில் அவளுக்குக் கிடைத்தது நாங்கள் கொடுத்தது மட்டுமே.

இனி அந்த எலிக்குள் என்ன இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். டாரின் என்று ஓர் அமினோ அமிலம் இருக்கிறது. 1827இல் காளை மாட்டின் பித்தநீரிலிருந்து அதைப் பிரித்தெடுத்ததால், காளைக்கான இலத்தீன் சொல்லிலிருந்து அந்தப் பெயர் வந்தது. நம் உடலும் நாயின் உடலும், மெத்தியோனின், சிஸ்டீன் ஆகிய வேறு அமினோ அமிலங்களிலிருந்து இதைத் தாமே ஆக்கிக்கொள்ளும். பூனையின் உடலில் அந்த வேலையைச் செய்யும் நொதிகள் மிகக் குறைவு. போதாததற்கு, பித்த உப்புகளை ஆக்குவதற்கு டாரினையே செலவிட்டு, அதில் ஒரு பங்கை நாள்தோறும் இழந்துகொண்டும் இருக்கிறது. மனித உடல் அந்த வேலைக்குக் கிளைசினைப் பயன்படுத்திச் சமாளித்துக்கொள்ளும். பூனைக்கு அந்த வழியும் இல்லை. எலியின் தசையிலும் இதயத்திலும் மூளையிலும் டாரின் நிறைந்திருக்கிறது. அரிசியிலும் பருப்பிலும் காய்கறியிலும் அது இல்லை என்றே சொல்லலாம். பசும்பாலிலும் தயிரிலும் இருப்பது மிகச் சொற்பம்.

டாரின் குறைந்தால் பூனையின் விழித்திரை அழிகிறது என்பது 1975இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்த ஓர் ஆய்விலேயே தெளிவாகிவிட்டது. அதே இதழில் 1987இல், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த பால் பியனும் அவருடைய கூட்டாளிகளும், இதயம் வீங்கித் தளர்ந்து இறந்துகொண்டிருந்த பூனைகளின் இரத்தத்தில் டாரின் குறைந்திருப்பதையும், அதைக் கொடுத்ததும் இதயம் மீண்டதையும் எழுதினார்கள். இதில் சைவ வீட்டார் மட்டுமல்லாமல் அனைவரும் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்தப் பூனைகள் தயிர்சாதம் தின்றவை அல்ல. இறைச்சியைக் கொண்டு தொழிற்சாலையில் செய்த பூனை உணவைத் தின்றவை. பதப்படுத்தும்போது டாரின் குறைந்தும், உடல் ஏற்காமலும் போயிருந்தது. அதன் பிறகுதான் நிறுவனங்கள் உணவில் டாரினைக் கூடுதலாகச் சேர்க்கத் தொடங்கின; அப்படிச் சேர்க்கப்படும் டாரின் பெரும்பாலும் எந்த விலங்கிடமிருந்தும் எடுக்கப்படுவதல்ல, வேதித் தொழிற்சாலையில் செய்யப்படுவது. மல்லியின் கண்ணும் இதயமும் அந்த இரண்டு கட்டுரைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக எனக்குக் காட்டின: மாத்திரையும் முறையான உணவும் தொடங்கிச் சில மாதங்களில் எடுத்த இரண்டாவது ஸ்கேனில் இதயம் ஏறக்குறையச் சீராகியிருந்தது, கண் அப்படியே இருந்தது.

டாரின் மட்டும்தான் சிக்கல் என்றால் மாத்திரை கொடுத்துவிட்டு மறுபடியும் தயிர்சாதம் வைத்துவிடலாம். அப்படியும் இல்லை. நாம் கேரட்டிலும் முருங்கைக்கீரையிலும் இருக்கும் பீட்டா கரோட்டினை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறோம். பூனையால் மாற்ற முடியாது, வைட்டமின் ஏ ஆகவே அதற்குக் கிடைத்தாக வேண்டும். தாவர எண்ணெயில் இருக்கும் லினோலெயிக் அமிலத்திலிருந்து தனக்கு வேண்டிய அராக்கிடோனிக் அமிலத்தைப் போதிய அளவு ஆக்கிக்கொள்ளவும் முடியாது. வெயிலில் எவ்வளவு நேரம் படுத்திருந்தாலும் அதன் தோலில் வைட்டமின் டி போதிய அளவு உண்டாவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாகப் புரதம்: உணவில் புரதம் குறைந்தால் நம் ஈரல் அதை எரிப்பதைக் குறைத்துச் சிக்கனமாக இருக்கும், பூனையின் ஈரல் அப்படிச் சிக்கனம் பிடிப்பதில்லை, கிடைக்கவில்லையென்றால் உடலின் சொந்தத் தசையிலிருந்து எடுத்துக்கொள்ளும். அமெரிக்காவில் கால்நடைத் தீவன விதிகளை வகுக்கும் அமைப்பு, வளர்ந்த பூனையின் உணவில் ஈரப்பதம் நீக்கிய எடையில் குறைந்தது 26 விழுக்காடும், வளர்ந்த நாயின் உணவில் 18 விழுக்காடும் புரதம் வேண்டும் என்கிறது. அரிசியில் இருப்பது ஏறக்குறைய 7 விழுக்காடு. ஒரு கரண்டி தயிர் சேர்த்தால் எவ்வளவு கூடிவிடும்?

இன்னொன்றும் உண்டு, ஆண் பூனை வளர்ப்பவர்கள் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். இறைச்சி தின்னும் பூனையின் சிறுநீர் அமிலத்தன்மையோடு இருக்கும். தாவர உணவு அதைக் காரத்தன்மைக்குத் திருப்பும். அந்த நிலையில் ஸ்ட்ரூவைட் என்னும் படிகங்கள் சேரும். ஆண் பூனையின் சிறுநீர்க்குழாய் மிகக் குறுகலானது. அது அடைத்துக்கொண்டால், மருத்துவரிடம் கொண்டுபோகாதவரை இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும்.

நாயின் கதை வேறு, அதை மகிழ்ச்சியோடு சொல்கிறேன். கரிசல் பக்கத்து ஊர்களில் கம்பங்கூழும் மோரும் ஊற்றி வளர்த்த சிப்பிப்பாறை நாய்களை நான் சிறுவயதிலேயே பார்த்திருக்கிறேன். (அவையும் முயல் துரத்தியவைதாம் என்பதை மறைக்க மாட்டேன்.) எரிக் ஆக்செல்சனும் அவருடைய குழுவினரும் 2013இல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய ஆய்வு, மாவுச்சத்தைச் செரிக்கும் அமிலேஸ் நொதிக்கான மரபணு, ஓநாயிடம் இரண்டு நகல்கள் மட்டுமே இருக்க, நாயிடம் 4 முதல் 30 நகல்கள் வரை இருப்பதைக் காட்டியது. நம் முன்னோர் பயிரிட்டு, சமைத்து, மிச்சத்தை வெளியே கொட்டிய காலத்திலிருந்து நாய் அந்த மிச்சத்தைத் தின்று தின்று தன் உடலையே மாற்றிக்கொண்டது. பூனையும் அதே காலத்தில்தான் நம்மிடம் வந்தது. சைப்ரஸ் தீவில் ஏறக்குறைய 9,500 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மனிதரின் அருகிலேயே புதைக்கப்பட்ட பூனையின் எலும்பை 2004இல் அறிவித்தார்கள். ஆனால் பூனை நம் சோற்றுக்காக வரவில்லை, நம் தானியத்துக்கு வந்த எலிக்காக வந்தது. நாமும் அதை அந்த வேலைக்காகத்தான் வைத்துக்கொண்டோம். ஆகவே அதன் உடல் மாற வேண்டிய தேவையே எழவில்லை. இனிப்புச் சுவையை உணரும் மரபணுகூடப் பூனையில் செயலிழந்து கிடக்கிறது.

நாய்களைப் பற்றிய ஆய்வுகளில் என்னை வியக்கவைத்தது 2009இல் வெளிவந்தது. பந்தயத்தில் பனிச்சறுக்கு வண்டி இழுக்கும் 12 சைபீரியன் ஹஸ்கி நாய்களில் பாதிக்கு 16 வாரங்கள் இறைச்சியில்லாத உணவு கொடுத்தார்கள். இரத்தப் பரிசோதனை முடிவுகள் இயல்பாகவே இருந்தன, ஓட்டத்திலும் அவை பின்தங்கவில்லை. 2024இல் கலிஃபோர்னியாவிலிருந்து வெளிவந்த ஆய்வில் 15 நாய்கள் ஓராண்டு முழுவதும் தாவர உணவு தின்று நலமாகவே இருந்தன. எண்ணிக்கை சிறியதுதான், ஆனால் இரண்டிலும் கொடுக்கப்பட்டது சத்துகளைக் கணக்கிட்டுச் செய்த உணவு. அதைக் கொண்டு, வீட்டில் மிஞ்சிய சோற்றை நாய்க்கு வைத்தால் போதும் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. பாலும் சோறும் மட்டும் தின்று வளர்ந்த நாய்க்குட்டியின் முன்னங்கால்கள் வில்லாக வளைந்திருப்பதை எங்கள் தெருவிலேயே கண்டிருக்கிறேன். சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் டியும் சரியான அளவில் கிடைக்காததால் வருவது அது. பி12 எந்தத் தாவரத்திலும் இல்லை. சைவச் சமையலில் தாராளமாக விழும் சின்ன வெங்காயமும் பூண்டும் நாய், பூனை இரண்டின் இரத்தச் சிவப்பணுக்களையும் சிதைப்பவை. பாயசத்து உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தையே செயலிழக்க வைக்கக்கூடும். நாய்க்குச் சாம்பார்ச் சோறு வைக்காதீர்கள்.

பருப்பைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. பட்டாணியும் பருப்பு வகைகளும் மிகுந்த, தானியம் இல்லாத உணவுகளைத் தின்ற நாய்களில் இதயம் வீங்கும் நோய் காணப்படுவதாக 2018 ஜூலையில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அறிவித்தது. அந்த உணவுகளில் பலவற்றில் இறைச்சியும் இருந்தது. 2022இன் இறுதியில், உணவுதான் காரணம் என்று உறுதிசெய்யப் போதிய தரவு இல்லை என்று அதே நிர்வாகம் சொல்லிவிட்டது. அதனால் பருப்பே நஞ்சு என்று அஞ்ச வேண்டியதில்லை. கோல்டன் ரெட்ரீவர் போல டாரின் குறைவு வரக்கூடிய இன நாய்களை வளர்ப்பவர்கள் இரத்தத்தையும் இதயத்தையும் அவ்வப்போது பார்த்துக்கொள்வது நல்லது. நம் நாட்டில் பெடிகிரி முதலிய நிறுவனங்களின் சைவ நாய் உணவு கடைகளில் கிடைக்கிறது. ஆனால் அதை வாங்கிப் பூனைக்கும் வைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது நாயின் தேவைக்குச் செய்தது. பூனைக்கு வேண்டிய புரதமும் டாரினும் வைட்டமின் ஏயும் அதில் இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

அப்படியானால் டாரினையும் வைட்டமின்களையும் ஆலையில் செய்து சேர்த்து, முழுவதும் தாவரத்தால் ஆன பூனை உணவைச் செய்ய முடியாதா? கொள்கையளவில் முடியும். உடலுக்கு வேண்டியது சத்து. அது எங்கிருந்து வந்தது என்று உடல் கேட்பதில்லை. 2006இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், இறைச்சியில்லாத உணவு தின்ற 17 பூனைகளின் டாரின் அளவைப் பார்த்தபோது, 14 பூனைகளுக்கு இயல்பாகவும் மூன்றுக்குக் குறைவாகவும் இருந்தது. 2023இல் பூனை வளர்ப்போர் 1,369 பேரிடம் கேட்டு எழுதிய ஆய்வில், வீகன் உணவு, அதாவது பாலும் முட்டையும்கூட இல்லாத முழுத் தாவர உணவு, தின்னும் பூனைகள் மற்றவற்றைவிட நோயுற்றிருப்பதாகத் தெரியவில்லை. இந்த ஆய்வை நண்பர்கள் பலர் எனக்கு அனுப்பினார்கள், ஆறுதலாக. ஆனால் அது வளர்ப்பவர்கள் சொன்னதைத் தொகுத்தது. மருத்துவர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தது அல்ல. அதற்கு நிதி கொடுத்ததும் தாவர உணவைப் பரப்பும் ஓர் அமைப்பு. மல்லி சுவரில் மோதுவதற்கு முந்தைய வாரம் யாராவது என்னிடம் கேட்டிருந்தால், என் பூனை நன்றாக இருக்கிறாள் என்றுதான் நான் எழுதிக்கொடுத்திருப்பேன், மனப்பூர்வமாக. வெளியே போய்வரும் பூனை இரவில் எதைத் தின்றது என்பதையும் எந்தப் படிவமும் முழுதாகச் சொல்லிவிடாது. ஆச்சியும் தன் பூனை தயிர்சாதம் தின்பதாகத்தான் எழுதியிருப்பாள்.

ஆகையால் என் முடிவு இது. நாயைச் சைவமாக வளர்க்க விரும்பினால், சத்து முழுமை பெற்ற உணவையும் ஒரு மருத்துவரையும் துணைக்கு வைத்துக்கொண்டு வளர்க்கலாம். பூனையை வீட்டு அடுக்களையிலிருந்து சைவமாக வளர்க்கக் கூடாது. ஆலையில் செய்த வீகன் பூனை உணவு வெளிநாடுகளில் விற்கிறது என்றாலும், இன்னும் நீண்ட காலம் மருத்துவர்கள் பார்த்துச் சோதித்த சான்று வரும்வரை என் பூனைமேல் அதைச் செய்துபார்க்க மாட்டேன். கொல்லாமை நான் ஏற்றுக்கொண்ட நோன்பு, அதில் எனக்கு இன்றும் மாற்றமில்லை. மல்லிக்காக ஒரு கோழியோ மீனோ சாகிறது என்பது எனக்கு வலிக்கத்தான் செய்கிறது. செல்களிலிருந்து வளர்த்த கோழி இறைச்சியைக் கொண்ட நாய்த் தின்பண்டம் 2025 பிப்ரவரியில் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது என்று படித்தபோது, அது பூனைக்கும் நம் ஊருக்கும் வர வேண்டும் என்று உண்மையாகவே ஏங்கினேன். அதுவரை, வலையை அடித்து எலியை அவளிடமிருந்து விலக்கியது நான்; அந்த எலிக்கு ஈடானதைக் கொடுக்க வேண்டியவளும் நானே. மனம் ஒப்பவில்லை என்றால் முயலை வளர்க்கலாம். பூனையை எடுத்துவரக் கூடாது.

அம்மாவிடம் இதையெல்லாம் பல நாள்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். படப்படியில் கிடந்த எலி வாலைச் சொன்ன அன்றுதான் அவள் நெடுநேரம் பேசாமல் இருந்தாள். “அது பண்ணுன பாவம் நம்ம வீட்டுக்கு வந்ததுதானாட்டி?” என்றாள். பிறகு, “அதுக்குன்னு தனியா ஒரு சட்டி வச்சுக்கிடுவோம்” என்றாள். பால்கனி மூலையில் ஒரு சிறிய மின் அடுப்பும் அந்தச் சட்டியும் இருக்கின்றன. முழுச் சத்துள்ள பூனை உணவுதான் முக்கிய உணவு. வாரத்தில் இரண்டு நாள் உப்பும் வெங்காயமும் சேர்க்காமல் அவித்த மீன். வேகும்போது டாரின் தண்ணீரில் இறங்கிவிடும் என்பதால் அவித்த தண்ணீரையும் சேர்த்தே ஊற்றுகிறோம். மீனை நான்தான் வாங்கி வருகிறேன், முள் எடுத்து வைப்பதும் நான்தான். தட்டை வைப்பது மட்டும் அம்மா. தட்டின் விளிம்பில் கரண்டியால் இரண்டு முறை தட்டுவாள். அந்த ஓசை வரும் பக்கம் காதைத் திருப்பி, சுவரை ஒட்டி நடந்து மல்லி வந்து சேருவாள்.